மேற்கு சிட்னியில் நல்ல சாப்பாடு: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

ஸ்கோஃபீல்ட்ஸ், மார்ஸ்டன் பார்க், தி பாண்ட்ஸ் என்று சிட்னியின் வடமேற்கு விளிம்பில் வீடு பிடிக்கும் பிள்ளைகள், ஊர் பழகுவதற்குள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கே நம்ம சாப்பாடு நல்லா எங்கே கிடைக்கும்?" இதை நான் சின்னக் கேள்வியாக நினைப்பதில்லை. வேற்று நாட்டில் முதல் வருஷத்தைத் தாக்குப்பிடிப்பதில் வயிற்றுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நகர மையத்து உணவகங்களைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளிப்புறத்தில், ரயில் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கும் அடுப்புகளை யாராவது கைகாட்ட வேண்டியிருக்கிறது. நெடுநாளாக இந்தப் பக்கம் குடியிருந்து, உண்டு, சமையற்காரர்களோடு பேசிப் பழகியதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1. சமைப்பவரின் ஊரைக் கேளுங்கள்

பெயர்ப்பலகையில் 'இந்திய உணவகம்' என்று இருப்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. உள்ளே அடுப்படியில் நிற்பவர் எந்த ஊர்க்காரர்? அதுதான் தெரிய வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள். "மாஸ்டர் எந்த ஊருங்க?" என்று கேட்டால் முகம் மலராத கடைக்காரரை நான் பார்த்ததில்லை. ஹைதராபாத் என்று சொன்னால் பிரியாணியையும் மிர்ச்சி கா சாலனையும் கேளுங்கள். லூதியானா என்றால் தால், சாக், தந்தூர் ரொட்டி. கோட்டயம் என்றால் மீன் குழம்பும் பொரோட்டாவும். மதுரைக்காரர் போடும் பட்டர் சிக்கனை வைத்து அந்தக் கடையை எடைபோட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். அவர் அதை வாடிக்கையாளருக்காகக் கற்றுக்கொண்டு செய்கிறார். கறி தோசையையும் சால்னாவையும் பிறந்ததிலிருந்து தின்று வளர்ந்திருக்கிறார். அவர் கை தானாக எதைச் செய்யுமோ அதைக் கேட்டு வாங்குங்கள்.

உணவுப் பட்டியல் பத்துப் பக்கம் ஓடலாம். அதில் சமையற்காரரின் சொந்த ஊர்ப் பதார்த்தம் ஐந்தாறுதான் இருக்கும். பெரும்பாலும் அவை கடைசிப் பக்கத்திலோ, கல்லாவுக்குப் பின்னால் கையால் எழுதி ஒட்டிய தாளிலோ இருக்கும். முதலில் அந்தத் தாளைப் படியுங்கள். இனிச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

2. ரயில் பாதையைப் பாருங்கள்

பரமட்டாவிலிருந்து மேற்கே போகும் ரயிலில் ஏறுங்கள். வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, செவன் ஹில்ஸ், பிளாக்டவுன் என்று நிலையங்கள் வரும். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யார் எங்கே குடியிருக்கிறார்களோ அவர்களுடைய சமையல் அந்த நிலையத்தின் வாசலில் இருக்கும்.

வெஸ்ட்மீடில் பெரிய மருத்துவமனைகள். அங்கே வேலை செய்பவர்களும் அவர்கள் குடும்பங்களும் சுற்றிலும் குடியிருப்பதால் தென்னிந்தியக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. வென்ட்வொர்த்வில்லை உள்ளூரில் 'வென்டி' என்பார்கள். அங்கே மளிகைக் கடைகளும் தோசைக் கடைகளும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலேயே கிடைக்கும். பெண்டில் ஹில்லும் டூங்காபியும் தமிழர்கள், குறிப்பாக இலங்கைத் தமிழர்கள், நீண்டகாலமாக வாழும் இடங்கள். பக்கத்து கிராவீனில் தேர்வு எழுதிச் சேரும் பெயர்பெற்ற அரசு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது; பிள்ளைகளின் படிப்பைக் கருதி வந்த குடும்பங்கள் அங்கே அதிகம். பிளாக்டவுனுக்கு அப்பால், ரிச்மண்ட் கிளையில் குவேக்கர்ஸ் ஹில், ஸ்கோஃபீல்ட்ஸ் பக்கம் போனால் பஞ்சாபிக் கடைகளும் கேரளக் கடைகளும் கூடும்.

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வாழும் இந்தியாவில் பிறந்தவர்கள் 6,73,352 பேர். வெளிநாட்டில் பிறந்தவர்களில் இங்கிலாந்துக்கு அடுத்த இடம் அப்போது அவர்களுக்கு இருந்தது. வீட்டில் பஞ்சாபி பேசுவோர் 2,39,000 பேர். தமிழ் பேசுவோர் 95,000 பேர். தந்தூர் அடுப்பு மூலைக்கு மூலை இருப்பதும், நல்ல ரசத்தைத் தேடிப் போக வேண்டியிருப்பதும் ஏன் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். ஆனாலும் ஒரு ஊர்ச் சமையலை மட்டுமே நம்பிக் கடை போட இன்று ஆள் இருக்கிறார்கள். முன்பு அப்படி இல்லை. தமிழரும் குஜராத்தியும் வங்காளியும் ஒரே பட்டியலைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. நீங்கள் நல்ல காலத்தில் வந்திருக்கிறீர்கள்.

3. ஹாரிஸ் பார்க்குக்கு மாலையில் போங்கள், ஒரே கடையில் முடிக்காதீர்கள்

பரமட்டாவுக்கு ஒரு நிலையம் முன்னால் ஹாரிஸ் பார்க். விக்ரம் தெருவிலும் மேரியன் தெருவிலும் தொழிலாளர்களின் பழைய சிறு வீடுகள் வரிசையாக உணவகங்களாக மாறியிருக்கின்றன. திண்ணையில் மேசை, முன்முற்றத்தில் அடுப்பு. முன்பு லெபனான் மக்கள் அதிகம் இருந்த பகுதி இது. அவர்களுடைய பெரிய தேவாலயம் இன்றும் அங்கே இருக்கிறது. இன்று அங்கே வசிப்பவர்களில் பாதிக்குச் சற்றே குறைந்தவர்கள் இந்தியாவில் பிறந்தவர்கள். 2023 மே மாதம் பிரதமர் மோடி சிட்னி வந்தபோது இந்த இடத்துக்கு 'லிட்டில் இந்தியா' என்ற பெயர் அறிவிக்கப்பட்டது.

புதிதாக வருபவர்கள் அங்கே ஒரு கடைக்குள் நுழைந்து, நான் ரொட்டி, பனீர், பிரியாணி என்று எல்லாவற்றையும் ஒரே மேசையில் வரவழைத்துவிட்டு வெளியே வருகிறார்கள். அந்தத் தெருவின் ருசி அப்படிப் பிடிபடாது. முதலில் ஒரு நடை நடந்து பாருங்கள். பானிபூரி எந்தக் கடையில் வேகமாகப் போகிறதோ அங்கே நின்று தின்னுங்கள். வேகமாகப் போகும் கடையில்தான் பூரி மொறுமொறுப்பாகவும் தண்ணீர் புதிதாகவும் இருக்கும். இனிப்புக் கடையில் ஜிலேபி எண்ணெயிலிருந்து எடுக்கும் நேரத்தைக் கேட்டு அப்போது போங்கள். சோறோ ரொட்டியோ மூன்றாவது கடையில். நான்கு பேராகப் போனால் இன்னும் நல்லது, நிறைய ருசி பார்க்கலாம்.

வெள்ளி, சனி இரவுகளில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ரயிலில் போங்கள்.

4. எல்லாக் குழம்பும் ஒரே குழம்பா என்று கவனியுங்கள்

புறநகரின் வணிக வளாகங்களில் இருக்கும் பழைய மாதிரி உணவகங்களின் உள் நடப்பு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். காலையில் வெங்காயம், தக்காளி, முந்திரி, இஞ்சி பூண்டு போட்டு ஒரு பெரிய அண்டாவில் அடிப்படைக் குழம்பைச் செய்துவிடுவார்கள். கறியைத் தனியே வேகவைத்து எடுத்துவைப்பார்கள். நீங்கள் கேட்டதும் வாணலியில் ஒரு கரண்டிக் குழம்பு, ஒரு கைக் கறி. கிரீம் ஊற்றினால் கோர்மா, மிளகாயும் வினிகரும் சேர்த்தால் விண்டலூ, கீரை விழுதைக் கலந்தால் சாக். சில நிமிஷத்தில் தட்டு வந்துவிடும்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. குறைந்த ஆட்களோடு நாற்பது வகைப் பதார்த்தம் கொடுக்க வேறு வழி கிடையாது, அப்படிச் சுத்தமாகச் செய்யும் கடைகளும் இருக்கின்றன. ஆனால் நீங்கள் தேடுவது அதுவாக இருக்காது. இரண்டு வேறு குழம்புகளை வாங்கி, சோறு இல்லாமல் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள். அடியில் ஒரே இனிப்பும் ஒரே வெங்காயமும் தெரிந்தால் அங்கே தந்தூர் அடுப்பில் சுடுவதை மட்டும் வாங்குங்கள். அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எலும்போடு கறி, புளிக்குழம்பு, நெடுநேரம் கொதித்த கறுப்பு உளுந்து தால் போன்றவற்றை அந்த அண்டாவிலிருந்து எடுக்க முடியாது. இவை பட்டியலில் இருந்து, சுவையாகவும் இருந்தால், உள்ளே உண்மையான சமையல் நடக்கிறது.

5. எளியதை வைத்துச் சோதியுங்கள்

தென்னிந்தியக் கடையில் முதல் நாள் இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி, காபி. இவ்வளவு போதும். சாம்பாரில் சர்க்கரை தூக்கலாக இருந்தால் அது கர்நாடகத்துக் கையா என்று கேளுங்கள். அப்படியென்றால் அது அவர்கள் முறை, குறை சொல்லக் கூடாது. இல்லையென்றால் வேறு யாருக்காகவோ இனிப்பைக் கூட்டியிருக்கிறார்கள். சட்னியில் தேங்காய் மணம் இல்லாமல் பொட்டுக்கடலை மட்டும் தெரிந்தால் காய்ந்த தேங்காய்த் துருவலைப் போட்டிருப்பார்கள். உறையவைத்த தேங்காய்த் துருவல் எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும் ஊரில் இதற்குச் சமாதானம் இல்லை. காபியை டிகாஷன் இறக்கிப் போடுகிறார்களா, தூளைக் கரைக்கிறார்களா என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

வடக்கத்திக் கடையில் சாதாரண மஞ்சள் தால் ஒன்று, தந்தூர் ரொட்டி ஒன்று. தாளிப்பு புதிதாக விழுந்திருந்தால் சீரகமும் பூண்டும் மேலே மணக்கும்.

6. நேரம் பார்த்துப் போங்கள்

ஒரே கடை, ஒரே கை. காலை பத்து மணிக்கு அருமையாக இருந்த இட்லி இரவு ஒன்பது மணிக்கு வேறு பொருளாகியிருக்கும். வெளிப்புறக் கடைகளில் வாரநாள் கூட்டம் குறைவு, அதனால் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல்.

தம் பிரியாணி வேண்டுமென்றால் அண்டா திறக்கும் நேரத்தைக் கேளுங்கள். பல கடைகளில் மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை. திறந்த முதல் மணி நேரத்தில் வாங்குவதும், இரவு மூடும் நேரத்தில் மைக்ரோவேவில் சூடாக்கி வாங்குவதும் ஒன்றாகாது. அரிசி உதிரியாக இருந்து, மசாலா எல்லா இடத்திலும் ஒரே மஞ்சளாகப் பரவியிருந்தால் அது கிளறிக் கலந்த சோறு. அடியில் கறியும் மேலே வெள்ளையும் குங்குமப்பூ நிறமுமாக அடுக்கு தெரிந்தால் தம். ஆம்பூர், திண்டுக்கல் என்று பெயர் போட்டிருந்தால் சீரக சம்பா அரிசியா என்று பாருங்கள். பாசுமதியில் செய்து அந்தப் பெயரைப் போட்டால் மணமும் வராது, பதமும் வராது.

நான் ரொட்டி கூட்டம் இருக்கும் நேரத்தில்தான் நன்றாக இருக்கும், அடுப்பு அப்போதுதான் உச்சச் சூட்டில் இருக்கும். கேரளக் கடைகளின் பொரோட்டாவும் அப்படியே. கல்லிலிருந்து எடுத்து அடித்துக் கொடுத்த நிமிஷத்தில் தின்ன வேண்டும். இவற்றை வீட்டுக்கு வரவழைத்தால், பெட்டிக்குள் ஆவி பட்டு நனைந்துதான் வந்து சேரும். குழம்பை வரவழையுங்கள், ரொட்டியைக் கடையில் உட்கார்ந்து தின்னுங்கள்.

7. இலங்கைத் தமிழர் கடைகளைத் தவறவிடாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் 'இந்திய' என்ற பலகையை மட்டும் தேடிக்கொண்டு இந்தக் கடைகளைத் தாண்டிப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். 1983 கலவரத்துக்குப் பின் பெரும் எண்ணிக்கையில் இங்கே வந்து சேர்ந்த மக்கள் அவர்கள். நமக்கெல்லாம் முன்பே பெண்டில் ஹில்லிலும் ஹோம்புஷிலும் தமிழில் பெயர்ப்பலகை வைத்தவர்கள். இந்த நகரத்தில் நெடுங்காலம் மாறாத கையோடு சமைக்கப்படும் தமிழ்ச் சாப்பாடு அவர்களிடம் இருக்கிறது என்பது என் கருத்து.

காலையில் இடியாப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சொதி மஞ்சளாக, மெல்லியதாக, பச்சைமிளகாய் மணத்தோடு இருக்கும். நம்மூர்க் குருமாவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். புட்டு, சிவப்பரிசிச் சோறு, வறுத்து அரைத்த தூள் போட்ட கறுத்த ஆட்டுக்கறிப் பிரட்டல், கணவாய்க் கறி, நண்டுக் கறி. கண்ணாடிப் பெட்டியில் மட்டன் ரோல்ஸ், மீன் கட்லட் அடுக்கியிருப்பார்கள். காலை பதினொரு மணி வாக்கில் போனால் சூடாகக் கிடைக்கும், மாலையில் மிச்சம்தான். கொத்து ரொட்டியைக் கல்லில் போட்டுக் கொத்தும் சத்தம் கேட்டால் நின்று வாங்குங்கள். அவர்கள் போடும் காரம் மதுரைக்காரர்களையும் தண்ணீர் கேட்க வைக்கும். முதல் முறை கொஞ்சம் குறைத்தே சொல்லுங்கள்.

சனி, ஞாயிறு மட்டும் கிடைக்கும் பதார்த்தங்கள் பல உண்டு. ஒடியல் கூழ் செய்கிறார்களா என்று கல்லாவில் இருக்கும் அக்காவிடம் கேட்டுவையுங்கள். பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் இறாலும் கீரையும் சேர்த்துக் காய்ச்சும் அந்தக் கூழைக் குடித்தவர்கள், வீட்டுக்கு வந்தும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார்கள்.

8. லிவர்பூல் பக்கம் ஒரு ஞாயிறு

தென்மேற்கில் லிவர்பூல், ஃபிஜி இந்தியர்கள் நிறைய வாழும் இடம். 1879 முதல் 1916 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் போனார்கள். 1926இல் அங்கே அவர்கள் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. 1987 ராணுவக் கலகத்துக்குப் பிறகு பலர் ஆஸ்திரேலியா வந்தார்கள்.

இந்தியாவில் எந்த ஊரிலும் கிடைக்காத இந்தியச் சாப்பாடு அவர்களுடையது. பெரிய, மெல்லிய, மிருதுவான ரொட்டி. எலும்போடு ஆட்டுக்கறி, வாத்துக்கறி. தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை. டின் மீனில் வைத்த குழம்பு. மசாலாவில் போஜ்பூரிக் கையும் தென்னாட்டுக் கையும் கலந்து தெரியும். நூறு வருஷத்துக்கு மேல் பசிபிக் தீவில் காப்பாற்றி வைத்த ருசியை மரியாதையோடு உண்ணுங்கள். மேசையில் அவர்கள் கதையைக் கேட்டால் சொல்வார்கள். கேளுங்கள்.

9. கோயிலும் குருத்வாராவும்

மேஸ் ஹில்லில் 1999இல் எழுந்த முருகன் கோயில், பரமட்டாவிலிருந்து கொஞ்ச தூரம். அங்கே கோயில் உணவகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளும் நேரமும் மாறும், கேட்டுக்கொண்டு போங்கள். தைப்பூசம், கந்தசஷ்டி நாட்களில் கூட்டமாகச் சமைப்பவர்கள் வீட்டுக் கைக்காரர்கள். யாருடைய புளியோதரை நன்றாக இருக்கிறது என்று விசாரித்தால், அவரே வார இறுதியில் விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவராகவும் இருப்பார். பல நல்ல சமையற்காரர்களைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான்.

கிளென்வுட் குருத்வாராவில் லங்கர் என்ற பொதுச் சாப்பாடு எல்லோருக்கும் உண்டு. எந்த மதம், எந்த நாடு என்று யாரும் கேட்பதில்லை, காசும் இல்லை. தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள், செருப்பைக் கழற்றுங்கள், ரொட்டியை இரு கையாலும் வாங்குங்கள், வாங்கியதை மீதம் வைக்காதீர்கள். பெரிய அண்டாவில் மெல்லிய தீயில் வெந்த தாலின் ருசி எப்படி இருக்க வேண்டும் என்று அங்கே தெரிந்துகொண்டால், பிறகு எந்தக் கடையையும் அதை வைத்து அளக்கலாம். உண்டு முடித்ததும் கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவ நில்லுங்கள். மாணவப் பிள்ளைகள் கைச்செலவு இறுகும் வாரத்தில் தயங்காமல் போங்கள். அங்கே போவதில் எந்தக் கௌரவக் குறைவும் கிடையாது.

10. மளிகைக் கடையில் நின்று பேசுங்கள்

நம்ம மளிகைக் கடையின் கல்லாவில் இருப்பவருக்கு அந்த வட்டாரத்தில் யார் என்ன சமைக்கிறார் என்று தெரியும். எந்த உணவகம் நல்ல நெய் வாங்குகிறது, எது மலிவான எண்ணெயை டின் டின்னாக எடுக்கிறது என்பதும் தெரியும். அவசரமில்லாத செவ்வாய், புதன் மாலையில் போய்ப் பேச்சுக் கொடுங்கள்.

பல கடைகளில் வெள்ளிக்கிழமை வாழையிலை, கறிவேப்பிலை, முருங்கைக்காய் வரும். வீட்டில் செய்த முறுக்கு, பொடி வகை, இட்லி மாவு ஆகியவற்றை வெளியே உள்ளவர்கள் கொடுத்துவைத்திருப்பார்கள். மாவு டப்பாவில் அரைத்த தேதியைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்ட் குளிரில் மாவு லேசில் பொங்காது; ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுக்க அதில் வையுங்கள்.

11. வீட்டுச் சமையல் வாங்குவோருக்கு

புதிய குடியிருப்புகளில் கடைகள் வருவதற்கு முன்பே வீட்டிலிருந்து டிபன் கொடுப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். வாரத்துக்கு இத்தனை வேளை என்று பேசிக்கொண்டால் கட்டுபடியாகும், சாப்பாடும் வீட்டுச் சாப்பாடாக இருக்கும். ஆனால் அவர்களும் உள்ளூர் கவுன்சிலிடம் தெரிவித்துத்தான் விற்க வேண்டும். அதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. முறையாகச் செய்பவர் மகிழ்ச்சியாகவே பதில் சொல்வார்.

உணவுப் பாதுகாப்புக்கு இந்த நாட்டில் ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. சமைத்த பண்டம் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் மொத்தமாக 2 மணி நேரத்துக்குள் இருந்தால் குளிர்பெட்டியில் வைக்கலாம். 2 முதல் 4 மணி நேரம் வரை என்றால் அப்போதே தின்றுவிட வேண்டும். 4 மணி நேரத்தைத் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். சோற்றுக்கும் பிரியாணிக்கும் இது மிக முக்கியம். ஆறிய சோற்றில் வளரும் கிருமி விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. மதியம் வாங்கி மேசையில் வைத்த பிரியாணியை ராத்திரி தின்னாதீர்கள். உணவகத்துக் கண்ணாடியில் 'ஸ்கோர்ஸ் ஆன் டோர்ஸ்' என்ற நட்சத்திரச் சான்று ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள். அது சுத்தத்துக்கான மதிப்பெண், 3 முதல் 5 நட்சத்திரம் வரை.

12. மீனும் ஆட்டுக்கறியும்

மீன் குழம்பு கேட்பதற்கு முன் என்ன மீன் என்று கேளுங்கள். வியட்நாமிலிருந்து உறைந்து வரும் பாசா மலிவு, முள் கிடையாது. ஆனால் புளிக்குழம்பில் அதற்கு ஒரு குணமும் இல்லை. இங்கே ஸ்பானிஷ் மேக்கரல் என்று விற்பது நம்ம வஞ்சிரம்தான். பாராமுண்டி நம்ம கொடுவா. அவற்றைத் துண்டு போட்டுக் குழம்பு வைக்கும் கடை கிடைத்தால் விடாதீர்கள்.

மட்டன் என்று இந்த நாட்டில் சொன்னால் முதிர்ந்த செம்மறி. வெள்ளாட்டுக்கறி வேண்டுமென்றால் 'கோட்' என்று கேட்க வேண்டும். எலும்போடு தருகிறார்களா என்றும் கேளுங்கள்.

13. நட்சத்திரங்களை நம்பும் முறை

இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் என்ன தின்றார் என்று பாருங்கள். 'சேவை அருமை, இடம் அழகு' என்பது நமக்கு உதவாது. 'வத்தக்குழம்பு அன்றைக்கு நன்றாக இருந்தது' என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த ஒரு வரி போதும், கிளம்பலாம்.

14. காரமும் காசும்

'மைல்ட், மீடியம், ஹாட்' என்று கேட்டால், "நீங்க வீட்டில் சாப்பிடுற மாதிரி" என்று சொல்லுங்கள். தமிழில் பேசுபவர் என்றால் தமிழிலேயே சொல்லுங்கள். பொது விடுமுறை நாளில் கூடுதல் கட்டணம் சேர்ப்பார்கள், பல இடங்களில் ஞாயிற்றுக்கிழமையும். பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், பார்த்துவிட்டு உட்காருங்கள்.

15. கிடைத்த கடையைக் காப்பாற்றுங்கள்

வெளிப்புறத்தில் ஒரு ஊர்ச் சமையலை மட்டும் நம்பி நடத்தும் கடை, வாரநாளில் காலியாகக் கிடந்தே மூடுகிறது. வாடகை ஏழு நாளுக்கும் உண்டு, கூட்டம் இரண்டு நாள்தான். ஆள் வராவிட்டால் முதலில் கைவிடப்படுவது அந்தக் கையெழுத்துத் தாளில் இருக்கும் பதார்த்தம். பிறகு பட்டர் சிக்கன் பட்டியல் நீளும். ஆகவே செவ்வாய்க்கிழமை இரவு போங்கள். நன்றாக இருந்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், "அந்தக் கருவாட்டுக் குழம்பு மறுபடி எப்போ?" என்று கேளுங்கள். நான்கைந்து பேர் கேட்டாலே அடுத்த வாரம் அடுப்பில் ஏறிவிடும்; நானே பலமுறை பார்த்திருக்கிறேன். உப்பு கூடினால், புளி குறைந்தால், அதையும் தனியே அழைத்துச் சொல்லுங்கள். எழுதி ஊரறிய அடிப்பதற்கு முன் சமையற்காரருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

16. முதல் மாதத்துக்கு ஒரு ஏற்பாடு

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு இப்படிச் சொல்வேன். முதல் சனி காலை வென்ட்வொர்த்வில்: மளிகை, இட்லி, காபி, கல்லாவில் பேச்சு. இரண்டாவது வாரம் பெண்டில் ஹில்லில் இடியாப்பமும் ரோல்ஸும். மூன்றாவது வாரம் மாலை ஹாரிஸ் பார்க், நண்பர்களோடு. நான்காவது ஞாயிறு, கார் வைத்திருப்பவர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில். நகரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் காட்டுக்கு நடுவே 1985இல் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. வார இறுதியில் அங்கே உணவகம் நடக்கும்; தோசையும் கலந்த சோறும் தின்பதற்கென்றே நகரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். தரிசனம் முடித்துப் பன்னிரண்டு மணிக்கு முன்பே வரிசையில் நின்றுவிடுங்கள், தயிர்சாதம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.